ஆறுக்கு ஆறு வந்த பிறகும்

மருத்துவமனைச் சீட்டில் 6/6 என்று எழுதிவிட்டால் பெற்றோருக்குப் போன உயிர் திரும்பிவிடும். ஆறு மீட்டர் தொலைவில் தெரிய வேண்டிய எழுத்து ஆறு மீட்டரில் தெரிகிறது, அவ்வளவுதானே. பார்வை நரம்பில் அழற்சி வந்து, சில நாட்கள் விரல்களைக்கூட எண்ண முடியாமல் தவித்து, ஸ்டீராய்டு ஏற்றித் தேறிய பிள்ளையின் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே பிள்ளை பள்ளிக்குப் போனதும், சரியாக அழிக்காத பலகையில் எழுதியது தெரியவில்லை என்கிறது. எறிந்த பந்தைக் கோட்டைவிடுகிறது. வெயிலில் ஓடியாடிவிட்டு வந்தால் ஒரு கண்ணில் மட்டும் புகை படிந்ததுபோல் இருக்கிறது என்கிறது. சீட்டில் இருப்பதும் உண்மை, பிள்ளை சொல்வதும் உண்மை. வெள்ளைத் தாளில் கன்னங்கரேல் என்று அச்சிட்ட எழுத்தைப் படிப்பதுதான் பார்வைக்கு நாம் தரக்கூடிய வேலைகளிலேயே ஆக எளிதானது. அதில் தேறியதை வைத்து, கண்ணிலிருந்து மூளைவரை உள்ள பாதை முழுவதும் நலம் என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். விழித்திரையின் கேங்ளியான் செல் ஒவ்வொன்றும் மூளையை நோக்கி ஒரு நீண்ட இழையை அனுப்புகிறது. ஒரு கண்ணுக்குச் சுமார் 10 முதல் 12 லட்சம் இழைகள். விழித்திரைக்குள் இருக்கும்வரை அவற்றுக்கு மேலுறை கிடையாது. இருந்தால் அது ஒளியை மறைத்துவிடும். கண்ணின் பின்சுவரைத் துளைத்து வெளியே வந்ததும் மயலின் என்ற கொழுப்பு உறை ஒவ்வோர் இழையையும் துண்டு துண்டாகச் சுற்றிக்கொள்கிறது. துண்டுகளுக்கு நடுவே சிறு இடைவெளிகள். மின்குறி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போவதால்தான் வேகம். மூளையின் அடியில் இரு கண்களின் நரம்புகளும் சந்திக்க, பாதிக்குச் சற்று மேற்பட்ட இழைகள் பக்கம் மாறுகின்றன. பிறகு தலாமஸில் ஒரு நிறுத்தம், அங்கிருந்து பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணி.

நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி இந்த உறையையோ அதைத் தாங்கும் செல்களையோ தாக்கும்போது உறையழிவு நோய்கள் உண்டாகின்றன. குழந்தைகளிடம் முக்கியமாக மூன்று. பெரியவர்களிடம் பரவலாக அறியப்பட்ட மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஒன்று. அந்த நோயாளிகளில் மிகச் சிறிய பங்கினருக்கே அது 18 வயதுக்கு முன் தொடங்குகிறது. இரண்டாவது, மயலினின் வெளிப்புறத்தில் இருக்கும் மாக் என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகும் நோய், சுருக்கமாக மாகேட். இதற்கென்று தனியான பன்னாட்டு வரையறை 2023இல்தான் வந்தது; சிறு பிள்ளைகளின் பார்வை நரம்பு அழற்சிக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இதுவே. மூன்றாவது, லியோன் நகர மருத்துவர் யூஜின் டெவிக் 1894இல் விவரித்த நோய். வெகுகாலம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டு வந்த இதற்கு, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் 2004இல் தனி ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். அது குறிவைப்பது அக்குவாபோரின்-4 என்ற நீர்வாயிலை என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. மூன்றும் கண்ணைத் தாக்கும். தேறும் விதம்தான் வேறு வேறு: மாகேட் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு நன்றாகப் பணியும், அக்குவாபோரின் நோயோ ஒரே தாக்குதலில் பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும்.

பிள்ளையைப் பரிசோதிப்பதில் முதல் தடை, அது சொல்லாது என்பது. ஒரு கண் மங்கினால் மற்றொரு கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்திய அன்றைக்குத்தான் வீட்டுக்கே தெரியவரும். பரிசோதனை அறையிலும் சூட்சுமங்கள் உண்டு. கையால் கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும். வலக்கண்ணால் படித்த வரியை மனப்பாடம் செய்து இடக்கண்ணுக்கும் ஒப்பித்துவிடும். ஏமாற்ற நினைத்து இல்லை, பரீட்சை என்றால் சரியான விடை சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பழகியிருக்கிறது. அதனால் ஒட்டும் பட்டையால் கண்ணை மூடுவார்கள், கண்ணுக்குக் கண் வரியை மாற்றுவார்கள். எழுத்து தெரியாத வயதுக்கு ஃபின்லாந்தின் லேயா ஹூவாரினென் வடிவமைத்த படங்கள் இருக்கின்றன: வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம். பார்வையின் எல்லையைத் தாண்டியதும் நான்கும் ஒன்றுபோல வட்டமாகத் தெரியும்படி வரையப்பட்டவை. ஆப்பிளை இதயம் என்று சொன்னாலும் பாதகமில்லை, ஒவ்வொரு முறையும் இதயம் என்றே சொன்னால் சரி.

பிள்ளையின் வாயிலிருந்து விடையே தேவைப்படாத சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு டார்ச் விளக்கு. மங்கலான அறையில் பிள்ளையைத் தொலைவில் பார்க்கச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். நரம்பு பழுதான கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரியும். அந்த நரம்பு மூளைக்குச் சொல்லும் வெளிச்சத்தின் அளவு குறைவு என்பதால் அப்படி. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அவசரத்தில் சொட்டு மருந்து முந்திக்கொண்டால் அன்றைக்கு இந்தத் தகவல் போனது போனதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. இது இரு கண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் சோதனை. இரண்டும் சமமாகப் பழுதாகியிருந்தால் வேறுபாடே தெரியாது. குழந்தைகளிடமோ இரு கண்களும் ஒரே நேரத்தில் தாக்கப்படுவது பெரியவர்களைவிட அதிகம்.

நிறப் பரிசோதனையிலும் கண்ணோடு கண்ணை ஒப்பிட்டே பார்க்க வேண்டும். ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தட்டுகள் பிறவி நிறக்குறைபாட்டுக்காக உருவானவை. அதனால் ஓர் ஆண் பிள்ளை இரு கண்ணாலும் தட்டுகளைத் தவறவிட்டால் அது பரம்பரை விஷயமாகவே இருக்கலாம். ஒரு கண்ணால் படித்ததை மறு கண்ணால் படிக்க முடியவில்லை என்றால்தான் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டி, எந்தக் கண்ணில் சிவப்பு வெளுத்திருக்கிறது என்று கேட்பது அதைவிட எளிய வழி.

இனி மங்கிய எழுத்துக்கு வருவோம். 1988 முதல் 1991 வரை அமெரிக்காவில் 457 பேரைச் சேர்த்து நடந்த பார்வை நரம்பு அழற்சிச் சிகிச்சை ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். சிரை வழி ஏற்றும் ஸ்டீராய்டு தேறுவதை விரைவுபடுத்துகிறது, ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எழுத்துப் பலகையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. எழுத்துப் பலகையில் பெரும்பாலோர் நன்றாகவே தேறினார்கள். மாறுபாட்டை, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான கருமை வேறுபாட்டை, பிரித்தறிவதில் பலருக்குக் குறை மிஞ்சியது. சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் 18 முதல் 46 வயது வரை உள்ளவர்கள், குழந்தை ஒன்றுகூட இல்லை. இருந்தும் உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் வெகுகாலம் இந்த முடிவுகளைக் கடன் வாங்கியே வைத்தியம் பார்த்தார்கள்.

மிஞ்சிய அந்தக் குறையை அளக்கத்தான் குறை மாறுபாட்டுப் பலகைகள். எழுத்தின் அளவை மாற்றாமல் அதன் கருமையை மட்டும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகை 1988இல் வந்தது. லூயிஸ் ஸ்லோனின் எழுத்துகளை 2.5 சதவீத, 1.25 சதவீத மாறுபாட்டில் அச்சிட்ட பலகைகளை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆய்வுகளுக்குள் கொண்டுவந்தவர் லாரா பால்சர். நரம்பிழைகள் குறைந்த கண் இதில் சறுக்கிவிடும், வழக்கமான பலகையில் 6/6 வாங்கியிருந்தாலும் சரி. குழந்தைகளிடமும் அப்படியே. அட்டையில் அச்சிட்ட, மின்சாரம்கூடத் தேவைப்படாத ஒரு பொருள் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகளுக்கு நிகரான தகவலைச் சில நேரம் தருகிறது. அப்படியிருந்தும் பல புறநோயாளிப் பிரிவுகளில் இது அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. இதற்கு நேரமின்மையைத் தவிர நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1972இல் லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள்: மார்ட்டின் ஹாலிடே, இயன் மெக்டொனால்ட், ஜோன் முஷின். அவர்கள் நோயாளியின் முன் ஒரு சதுரங்கக் கட்டத்தைக் காட்டினார்கள். கறுப்புக் கட்டங்கள் வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மொத்த வெளிச்சம் மாறாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்மண்டைப் புறணி ஒரு சிறு மின்னலையை எழுப்பும். அதன் உயரம் சில மைக்ரோவோல்ட் மட்டுமே. மூளை ஓயாமல் எழுப்பும் பிற மின்னலைகளில் அது மூழ்கிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சரியான இடைவெளி விட்டு ஒரே சொல்லை நூறு முறை கூவினால், மற்றவர்களின் கூச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, அந்தக் குரல் மட்டும் எஞ்சும் அல்லவா? கணினி செய்வதும் அதுதான். நூறு முறை பதிந்து சராசரி எடுத்தால் அலை தலைகாட்டும். நலமான கண்ணில் அதன் உச்சி சுமார் 100 மில்லி விநாடியில் வருவதால் அதற்கு பி-100 என்று பெயர். அழற்சி வந்த கண்ணில் அது பிந்தியது, பல நேரங்களில் 30 மில்லி விநாடிக்கும் மேல். அதைவிட முக்கியமாக, பார்வை 6/6க்குத் திரும்பிய பிறகும் அலை பிந்தியே வந்தது. அடுத்த ஆண்டில் இன்னொன்றும் தெரிந்தது: தன் வாழ்நாளில் கண்ணில் எந்தத் தொல்லையும் அறியாத மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடமும் இந்தத் தாமதம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் நோய் அந்த நரம்புக்குப் போய்வந்திருக்கிறது.

பி-100 பிந்துவது உறை போனதைச் சொல்கிறது. அலையின் உயரம் குறைவது இழைகள் செயல்படவில்லை என்பதைச் சொல்கிறது. இப்படி இரண்டாகப் பிரிப்பது கொஞ்சம் எளிமைப்படுத்தல்தான், என்றாலும் நடைமுறையில் உதவும். ஒரு கண்ணின் செய்தி மட்டும் சில மில்லி விநாடி பிந்தினால் அன்றாட வாழ்வில் என்ன ஆகிவிடும்? பக்கவாட்டில் ஆடும் ஊசல்குண்டு நீள்வட்டத்தில் சுற்றுவதுபோல் தெரியும். கார்ல் புல்ஃப்ரிக் 1922இல் விளக்கிய மாயத்தோற்றம் இது. ஒரு கண்ணில் பார்வை இல்லாத அவரால் தன் பெயர் கொண்ட அந்தக் காட்சியைத் தன் கண்ணால் காண முடியவில்லை. பந்தைப் பிடிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வி.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சோதனையைக் குழந்தைக்குச் செய்வது தனிக் கலை. முதல் அறிவுரை தலைமுடி பற்றியது: முந்தைய நாள் ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். எண்ணெய் இருந்தால் மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே தொடர்பு சரியாக அமையாது. கண்ணாடி போடும் பிள்ளை மறக்காமல் எடுத்து வர வேண்டும். பிம்பம் மங்கலாக விழுந்தாலே அலை சிறுத்துப் பிந்தும், நரம்பின் மேல் வீண்பழி விழும். சதுரங்கக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தக் குழந்தைக்கும் அலுப்பு. திரையின் நடுவில் சின்ன கார்ட்டூன் வைப்பார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, விலகும்போதெல்லாம் பதிவை நிறுத்துவார். தூங்கி வழிந்தாலும் கண்ணைக் குவிக்காமல் வெறித்தாலும் அலை கெடும். ஆகவே தாறுமாறான ஒரே பதிவை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. மறுபடி எடுத்து, அதே அலை வருகிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். கட்டங்களைப் பார்க்கவே மறுக்கும் சிறு குழந்தைக்குப் பளிச்சென்ற ஒளியைக் காட்டி எடுக்கலாம். பாதை திறந்திருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, நுட்பமான தாமதத்தை அது காட்டாது.

வயதும் கணக்கில் சேர வேண்டும். பிறந்த சில வாரங்களில் இதே அலை 200 மில்லி விநாடியையும் தாண்டி வரும். மயலின் படியப் படிய, ஆறேழு மாதங்களில் பெரிய கட்டங்களுக்குப் பெரியவர்களின் அளவை நெருங்கிவிடும். சின்னக் கட்டங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆறு வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டால், இல்லாத நோயைக் காண்பது, இருக்கும் நோயைத் தவறவிடுவது என இரண்டு வகையிலும் பிழை வரலாம். சோம்பல் கண் வேறு இருக்கிறது: சிறு வயதிலிருந்தே மாறுகண்ணாலோ கண்ணாடி தேவைப்படும் குறையாலோ ஒரு கண் பின்தங்கியிருந்தால் அதன் அலையும் சற்றுப் பிந்தலாம். பழைய கண் பரிசோதனைச் சீட்டுகளைப் பெற்றோர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மருத்துவருக்கு எவ்வளவு உதவி!

வேகத்தை வி.இ.பி. அளக்கிறது என்றால் எஞ்சியிருக்கும் இழைகளை அளப்பது ஓ.சி.டி. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் வெளியிட்ட இந்தத் தொழில்நுட்பம், கண்ணுக்குள் அனுப்பிய அகச்சிவப்பு ஒளி திரும்பும் விதத்தை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காக வரைந்து காட்டுகிறது. சில மைக்ரோமீட்டர் வரை நுட்பம். ஊசியும் கிடையாது, எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது, குறியைப் பார்த்துச் சில விநாடி அசையாமல் இருந்தால் போதும். விழித்திரையில் இழைகளுக்கு உறை இல்லை என்று முன்பே சொன்னேன். அந்த வெற்று இழைகளின் அடுக்கு சராசரியாக 100 மைக்ரோமீட்டர் தடிமன். மூளையில் இருந்து நீளும் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே இருந்தபடி நேரடியாக அளக்க முடிகிற இடம் இது. இழை செத்தால் அடுக்கு மெலியும். இரு கண்களுக்கும் இடையே ஐந்தாறு மைக்ரோமீட்டர் வித்தியாசம் வந்தாலே பழைய அழற்சியைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் அவசரப்படக் கூடாது. நோய் வந்த புதிதில் நரம்பின் முனை வீங்கியிருக்கும், குழந்தைகளிடமும் மாகேட்டிலும் குறிப்பாக. அப்போது அளந்தால் இழையடுக்கு தடித்துத் தெரியும். வீக்கம் வடியும்போது எண் இயல்பைத் தொட்டுக் கீழே இறங்கும். நடுவழியில் ஒருநாள் எடுத்த படம் ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லிவிடும். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தைத்தான் நம்ப வேண்டும். கேங்ளியான் செல் அடுக்கு வீங்குவதில்லை என்பதால் சேதத்தை அது முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

1972 கட்டுரையின் மூவரில் ஒருவரான மெக்டொனால்ட் நியூசிலாந்துக்காரர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைக் கண்டறிய உலகம் இன்று பயன்படுத்தும் வரையறை 2001 முதல் அவர் பெயரில்தான் இருக்கிறது. விந்தை என்னவென்றால், அந்த வரையறையின் 2017 பதிப்புவரை, நோய் பரவலைக் காட்டும் இடங்களின் பட்டியலில் பார்வை நரம்புக்கு இடமில்லை. மூளையின் மூன்று பகுதிகளும் தண்டுவடமும் மட்டுமே இருந்தன. 2024 திருத்தத்தில்தான் அது ஐந்தாவது இடமாகச் சேர்ந்தது; பாதிப்பை எம்.ஆர்.ஐ., ஓ.சி.டி., வி.இ.பி. ஆகியவற்றில் ஒன்றால் நிறுவலாம் என்றும் ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பார்வை நரம்பு பழுதான பிள்ளை எல்லாம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிவிடாது. மாக் ஆன்டிபாடியைப் பார்க்காமல் அந்தப் பெயரைச் சூட்டினால் மருந்தே தவறிவிடும்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் அக்குவாபோரின் நோயை மோசமாக்கும், மாகேட்டுக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு. மாகேட் வந்த குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டார்கள். விழித்திரையின் இழையடுக்கு இரு தரப்பிலும் மோசமாக மெலிந்திருந்தது. பார்வையோ குழந்தைகளுக்கே கூடுதலாகத் திரும்பியிருந்தது. எஞ்சிய இழைகள் கொண்டுவரும் குறைந்த செய்தியை வைத்தே வளரும் மூளை முழுப் படத்தையும் கட்டிக்கொள்கிறது போலும். கேட்க மகிழ்ச்சிதான். மறுபுறம், இந்தத் திறமையே ஆபத்தையும் மறைக்கிறது. பத்து வயதில் 6/6 பார்க்கும் ஒரு கண்ணில் இழைகளின் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கலாம். அடுத்த தாக்குதலைத் தாங்க அந்தக் கண்ணில் மிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்கு எழுத்துப் பலகையிடம் விடை இல்லை. அடுத்த தாக்குதலைத் தடுக்கும் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேசும் நாளில், ஓ.சி.டி. அறிக்கையும் மங்கிய எழுத்துப் பலகையின் மதிப்பெண்ணும் மேசையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

உறையை மீண்டும் வளர்க்கும் மருந்துகளைத் தேடுகிறவர்களும் இப்போது இதே அலையை நம்பியிருக்கிறார்கள். பழைய ஒவ்வாமை மாத்திரையான க்ளெமாஸ்டினை சான் பிரான்சிஸ்கோவில் 50 பெரியவர்களிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பி-100 ஒரு கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லி விநாடி முந்தியது. சின்ன எண்தான், அதை வைத்து யாரும் மருந்துக்கடையில் போய் அந்த மாத்திரையை வாங்கித் தின்னக் கூடாது. மயலின் மறுபடி வளர்வதை மனிதரிடம் அளந்து காட்ட முடியும் என்பதே அதில் செய்தி. குழந்தைகளிடம் இந்த அளவு மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு பரிசோதனைக் கூடமும் தன் கருவியில், தன் ஊர்ப் பிள்ளைகளிடம், வயதுவாரியாக இயல்பு அளவுகளை முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும். நோயில்லாத பிள்ளைகளை, எண்ணெய் வைக்காத தலையோடு, திரையின் முன் உட்கார வைக்கும் வேலை அது. புகழ் கிடைக்காத வேலை. நிதி கிடைப்பதும் அரிது.